முந்தானையில் முடிந்த பற்கள்

கேள்வி: என் மகளுக்குத் தை மாதம் கல்யாணம். நிச்சயம் முடிந்ததிலிருந்து ஒரே கனவு திரும்பத் திரும்ப வருகிறது. சம்பந்தி வீட்டார் எதிரே உட்கார்ந்திருக்க, என் பற்கள் ஒவ்வொன்றாக உதிர்கின்றன. வாயைப் பொத்திக்கொண்டு அவற்றை முந்தானையில் முடிந்துகொள்கிறேன். பல் விழுந்தால் வீட்டில் சாவு விழும், விடியற்காலைக் கனவு கட்டாயம் பலிக்கும், பரிகாரம் செய் என்கிறார் மாமியார். தூக்கமே போய்விட்டது.
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: அன்புச் சகோதரி, சாவு விழும் என்ற பயத்தை முதலில் விடுங்கள். பல் விழும் கனவு பல நாட்டு மக்களும் காண்கிற கனவுதான்.

விடியற்காலைக் கனவுக்கு ஒரு காரணம் உண்டு. தூக்கத்தில், மூடிய இமைக்குள் கண்விழி வேகமாக அசையும் ஒரு கட்டம் வரும். 1953-இல் சிகாகோ ஆராய்ச்சியாளர்கள் இதை வெளியிட்டார்கள். தெளிவான கனவுகள் பெரும்பாலும் அப்போதுதான் வரும். சுமார் 90 நிமிடத்துக்கு ஒருமுறை வரும் இந்தக் கட்டம் விடியலை நெருங்க நெருங்க நீளும். அந்த நேரத்தில் விழித்துக்கொள்வதால் கனவு அப்படியே மனசில் தங்குகிறது. அதற்காகப் பலித்துவிடாது.

அர்த்தத்துக்கு வருவோம். பலன் புத்தகத்தில் யார் கண்டாலும் பல்லுக்கு ஒரே பலன். எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது அந்த முந்தானையைத்தான். நம் வீட்டுப் பெண்கள் முந்தானையில் முடிவது காசு. நீங்களோ எதையோ சம்பந்தி கண்ணில் படாமல் முடிகிறீர்கள். ஒத்துக்கொண்ட சவரனில் குறைகிறதா? மண்டபத்துக்குப் பணம் புரளவில்லையா? வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லாமல் வைத்திருக்கிறீர்களா? வேறு ஏதாவதாகவும் இருக்கலாம், உங்களுக்குத்தான் தெரியும். கண் விழித்ததும் ஒரு நோட்டில் எழுதுங்கள்: கனவில் வந்தது பயமா, வெட்கமா? முந்தின நாள் கல்யாணப் பேச்சில் என்ன நடந்தது? நாலைந்து தடவை எழுதினாலே பிடிபடும்.

மாமியாரிடம் ஆண்டாளைச் சொல்லுங்கள். வாரணம் ஆயிரம் சூழ நாரண நம்பி தன்னை மணக்க வருவதாக அவள் கண்டதும் கனவுதானே! மனசு நிறைய இருந்த கல்யாணம்தான் கனவிலும் வந்தது. அந்தப் பாசுரங்களை இன்றும் வைணவக் கல்யாணங்களில் பாடுகிறோம். உங்கள் மனசில் இருப்பது கவலை. அதுவும் அப்படித்தான் வருகிறது.

அப்புறம், காலையில் தாடை வலிக்கிறதா என்று பாருங்கள். கவலையில் தூங்குகிறவர்கள் பல்லைக் கடிப்பதுண்டு. வலித்தால் பல் மருத்துவரிடம் காட்டுங்கள். பரிகாரத்துக்கென்று கடன் மட்டும் வாங்க வேண்டாம். இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரரை உட்கார வைத்துக் கல்யாணக் கணக்கை முழுசாக எடுத்து வையுங்கள். அதற்கு அப்புறமும் தூக்கம் கெட்டால், தயங்காமல் மனநல மருத்துவரைப் பாருங்கள்.