உதவித்தொகை மொய் அல்ல

கேள்வி: வணக்கம். எனக்குச் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். 22 வருடமாக ஃபிலடெல்பியா அருகே இருக்கிறேன். கணவர் ஐரிஷ் அமெரிக்கர். அயர்லாந்தில் மேயோ கவுன்ட்டியில் பிறந்து இங்கே வந்தவர் என் மாமனார். போன வருடம் காலமாகிவிட்டார். அவர் காலத்திலிருந்தே குடும்பம் முழுக்க ஓர் ஐரிஷ் பாரம்பரியச் சங்கத்தில் இருக்கிறது. அயர்லாந்து போய்ப் படிக்கும் பிள்ளைகளுக்கு உதவித்தொகை தருவார்கள். வீட்டை விட்டு வெளியே வர முடியாத முதியவர்களுக்குச் சமைத்துக் கட்டிக் கொடுப்பார்கள். கணவரின் அண்ணன்தான் கிளைப் பொருளாளர். எங்கள் மகளுக்கு 19 வயது. அடுத்த ஜனவரியில் ஒரு செமஸ்டர் அயர்லாந்தின் கால்வே பல்கலைக்கழகத்தில் படிக்கப் போகிறாள். சங்கம் 1,500 டாலர் உதவித்தொகை கொடுத்திருக்கிறது. இப்போது பசி நிவாரணப் பணிக்கு மாமனார் பெயரில் 10,000 டாலர் தரவேண்டும், அதுதான் மரியாதை என்கிறார் அண்ணன். கிரெடிட் கார்டில் ஏற்கெனவே 14,000 டாலர் பாக்கி. வீட்டின் மேல் 40,000 டாலர் கடன் வசதி எடுத்து எல்லாவற்றையும் முடித்துவிடலாம் என்கிறார் கணவர். இங்குள்ள தமிழ் நண்பர் ஒருவர், மாதம் 500 டாலர் ஐ.யு.எல். பாலிசியில் (பங்குச் சந்தைக் குறியீட்டோடு இணைத்த ஆயுள் காப்பீடு) போட்டால் மகளின் படிப்புச் செலவு கவலையே இருக்காது என்கிறார். என்ன செய்வது என்று தெரியவில்லை. தூக்கம் போய்விட்டது.

பதில்:

நீங்கள் இணைத்திருந்த மூன்று மாத கார்டு ஸ்டேட்மென்டை முதலில் பார்த்தேன். டிசம்பர் மாதத்தில் ஒரு வரி. மொத்த விற்பனைக் கடையில் 640 டாலர். பக்கத்தில் உங்கள் கையெழுத்தில் ஒரு குறிப்பு: ‘உருளைக்கிழங்கு, மாட்டிறைச்சி, அலுமினியத் தட்டு. சங்கப் பணம் பத்தவில்லை, இவர் போட்டார்.’ அதற்கு நான்கு வரி கீழே விருந்து மேசைக்கு 500. அப்புறம் ராஃபிள் (குலுக்கல்) சீட்டு 120. மற்ற மாதங்களையும் சேர்த்துப் பார்த்தால் மாதத்துக்குச் சுமார் 400 டாலர் இப்படிப் போகிறது. கார்டில் நிற்கும் 14,000-த்தில் துணிமணியோ ஹோட்டல் பில்லோ கிட்டத்தட்ட இல்லை. அவ்வளவும் கொடுத்த பணம்.

பட்ஜெட் போடத் தெரியாத குடும்பம் இல்லை நீங்கள். வீட்டுத் தவணை ஒழுங்காகப் போகிறது. எல்லாச் செலவும் போக மாதம் 900 மிஞ்சுகிறது, அதில் 550-ஐ மகளுக்காகச் சேர்த்து 9,000 வைத்திருக்கிறீர்கள். எனவே சிக்கனம் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. உங்களைப் பிடித்திருப்பது ஒரே ஒரு பழக்கம். சங்கத்தில் பணம் குறையும்போதெல்லாம் உங்கள் கணவர் கார்டை நீட்டுகிறார். கடன் வாங்கித் தானம் செய்கிறார்.

அதன் விலையைப் பாருங்கள். 14,000 டாலர், 23 சதவீத வட்டி. வருடத்துக்கு ஏறக்குறைய 3,200. மாதம் நீங்கள் கட்டும் 350-இல் 270 வட்டிக்கே போய்விடுகிறது, அசலில் 80 குறைகிறது. அதே மாதம் இன்னொரு 400 ஏறுகிறது. உங்கள் மகளுக்குக் கிடைத்த உதவித்தொகை 1,500. அப்படியானால் உங்கள் வீட்டிலிருந்து ஒவ்வொரு வருடமும் இரண்டு பிள்ளைகளை அயர்லாந்துக்கு அனுப்பும் உதவித்தொகை வங்கிக்குப் போகிறது. ஒரு சாப்பாட்டுத் தட்டுக்கு 3 டாலர் ஆகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கணக்கில் ஆயிரம் தட்டுக்கு மேல். இந்தக் கணக்கைக் கணவரிடம் அப்படியே காட்டுங்கள். அவர் ஊதாரி இல்லை, பசித்தவர்களை நினைக்கிற மனிதர். பணமாகச் சொன்னால் தள்ளிவிடுவார், தட்டாகச் சொன்னால் நிச்சயம் உறைக்கும்.

அவருக்கு இது ஏன் இவ்வளவு நெருக்கமான விஷயம் என்பது எனக்குப் புரிகிறது. 1845-இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பயிரில் அழுகல் நோய் விழுந்தபோது தொடங்கிய பஞ்சத்தில் சுமார் 10 லட்சம் பேர் இறந்தார்கள், அதைவிட அதிகமானோர் கப்பலேறினார்கள். மேயோ மிக மோசமாக அடிபட்ட இடங்களில் ஒன்று. 1841-இல் அங்கே 3,89,000 பேர், 1851-இல் 2,74,000. அந்த மண்ணிலிருந்து வந்தவரின் மகன், ‘சாப்பாடு பத்தவில்லை’ என்று யாராவது சொன்னால் சும்மா இருக்க மாட்டார். இந்த நினைவைச் சோறாக மாற்றிய வேலை உங்கள் ஊரில் நன்றாக வேர்பிடித்தது. 1836-இல் நியூயார்க்கில் தொடங்கிய ஐரிஷ் சங்கமான ஏன்சியன்ட் ஆர்டர் ஆஃப் ஹைபர்னியன்ஸ் அமைப்பின் பசி நிவாரணத் திட்டம் ஃபிலடெல்பியாவில் பிறந்து மற்ற மாநிலங்களுக்குப் பரவியதுதான். இது நல்ல காரியம். நிறுத்தச் சொல்ல மாட்டேன்.

ஆனால் அதே பஞ்சத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. ஐரிஷ் கிராமங்களில் ‘கோம்பீன் மேன்’ என்று ஓர் ஆள் இருந்தார். வட்டி என்று பொருள்படும் ஐரிஷ் சொல்லிலிருந்து வந்த பெயர். பெரும்பாலும் கடைக்காரர். பசித்து வந்தவர்களுக்கு மக்காச்சோள மாவைக் கடனுக்குக் கொடுத்து, ஈவிரக்கமில்லாத வட்டி போட்டு, கடைசியில் இருந்த கொஞ்சநஞ்சத்தையும் எடுத்துக்கொள்வார். நெல்லைப் பக்கத்தில் வளர்ந்த உங்களுக்குக் கந்துவட்டியைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. அயர்லாந்தில் இன்றும் அந்தப் பெயர் ஒரு வசைச்சொல். மாமனாரின் முன்னோர்கள் யாரிடம் மாட்டியிருப்பார்களோ, அதே மாதிரி ஒருவருக்குத்தான் இந்தக் குடும்பம் மாதம் 270 டாலர் கட்டிக்கொண்டிருக்கிறது, அதுவும் அந்தப் பஞ்சத்தின் நினைவாக. எனக்கு இது உண்மையிலேயே மனதைக் கஷ்டப்படுத்துகிறது.

சரி, வீட்டின் மேல் கடன் வசதி. கணவர் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது: 23 சதவீதத்தை 8 சதவீதத்துக்கு மாற்றினால் லாபம்தானே? அவர் கணக்கில் கார்டு 14,000, கால்வே 7,000, நன்கொடை 10,000, ஆக 31,000. முதல் 10 வருடம் வட்டி மட்டும் கட்டினால் போதும், மாதம் 207 டாலர். இப்போது கட்டும் 350-ஐவிடக் குறைவு. ஆசை காட்டும் இடம் இதுதான். 10 வருடம் வட்டி மட்டும், பிறகு 20 வருடத்தில் அசலும் வட்டியும் என்று போனால், 31,000-க்கு நீங்கள் கட்டும் வட்டி மட்டும் ஏறக்குறைய 56,000. அதில் அந்த 10,000 டாலர் நன்கொடைக்கு உரிய வட்டி 18,000. வட்டி விகிதமும் மாறக்கூடியது. ஈடாக நிற்பது நீங்கள் குடியிருக்கும் வீடு. இதைவிட முக்கியம், பழக்கம் மாறாமல் கார்டைக் காலி செய்தால் அது மூன்று வருடத்தில் மறுபடி நிரம்பிவிடும். அப்போது இரண்டு கடன் இருக்கும். வேண்டாம்.

அடுத்து, அண்ணன் கேட்கும் 10,000. உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வார்த்தை ‘மரியாதை’. மகளுக்கு உதவித்தொகை கொடுத்துவிட்டார்கள், திருப்பிச் செய்யாமல் இருக்க முடியுமா என்று உங்களுக்கே உள்ளே ஒரு குறுகுறுப்பு இருக்கிறது. நம் ஊர்க் கல்யாணத்தில் மொய் எழுதினால் நோட்டைப் புரட்டி, அவர்கள் வீட்டு விசேஷத்தில் கூட்டித் திருப்பி வைப்போம். அதே மனக்கணக்கு இங்கேயும் ஓடுகிறது. ஆனால் உங்கள் பெண் கட்டுரை எழுதி, மதிப்பெண் காட்டி, மற்றவர்களோடு போட்டியிட்டுப் பெற்ற பணம் அது. 1,500 வாங்கி 10,000 கொடுப்பதற்குப் பெயர் உதவித்தொகை இல்லை.

திருப்பிச் செய்வது எப்படி இருக்கலாம் என்பதற்கு அவர்கள் வரலாற்றிலேயே அழகான ஓர் உதாரணம் இருக்கிறது. 1847 மார்ச்சில் அமெரிக்கப் பூர்வகுடிகளான சாக்டா மக்கள் கூட்டம் போட்டு, அயர்லாந்துப் பஞ்சத்துக்காக 170 டாலர் திரட்டி அனுப்பினார்கள். சொந்த மண்ணிலிருந்து அவர்களை அரசாங்கம் விரட்டத் தொடங்கி 16 வருடம்தான் ஆகியிருந்தது. பெரிய தொகை இல்லை, தங்களால் முடிந்ததைச் சேர்த்தார்கள். அயர்லாந்து அதை மறக்கவில்லை. கார்க் கவுன்ட்டியில் மிடில்டன் ஊரில் ஒன்பது எஃகு இறகுகளால் ஒரு நினைவுச் சின்னம் 2017-இல் திறந்தார்கள். 2018-இல், சாக்டா மாணவர்கள் அயர்லாந்து வந்து கார்க் பல்கலைக்கழகத்தில் படிக்க உதவித்தொகை அறிவித்தார்கள். 171 வருடம் கழித்து! அண்ணனிடம் பேசும்போது இதைச் சொல்லுங்கள், அவருக்குக் கட்டாயம் தெரிந்த கதையாக இருக்கும். உங்கள் மகள் படித்து முடித்து, வேலைக்குப் போய், 30 வயதில் அந்தச் சங்கத்துக்கு ஒரு பிள்ளையின் உதவித்தொகையைக் கொடுக்கட்டும். அதுவே மாமனார் பெயருக்கும் அழகு.

அண்ணனிடம் கணவரே பேசவேண்டும். நீங்கள் பேசினால், வெளியிலிருந்து வந்தவள் தடுக்கிறாள் என்ற பேச்சு கிளம்பும். இப்படிச் சொன்னால் போதும்: ‘அண்ணா, அப்பா பெயரில் மாதம் 150 தருகிறேன். சமையல் நாளன்று ஒரு சனிக்கிழமைகூடத் தவறாமல் வந்து நிற்கிறேன். ஆனால் குறையும் பணத்தை இனிமேல் என்னால் போட முடியாது.’ அந்தக் கடைசி வாக்கியத்தைக் கணவர் விழுங்கிவிடக் கூடாது. சங்கத்தில் பணம் குறைகிறது என்றால் தட்டுகளைக் குறைக்க வேண்டும், அல்லது இன்னும் பத்துப் பேரிடம் கேட்க வேண்டும். எப்போதும் ஒரே பாக்கெட்டிலிருந்து ஈடுகட்டினால் பொருளாளருக்கு வரவுசெலவின் உண்மை நிலையே தெரியாமல் போகும்.

150-க்கு ஒரு காரணம் இருக்கிறது. ‘எல்லாம் வரியில் கழிந்துவிடும்’ என்று கணவர் நினைப்பதாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வரித் தாக்கலைப் பார்த்தேன். நன்கொடைகளைத் தனித்தனியாகக் காட்டாமல், எல்லாருக்கும் பொதுவான நிலையான கழிவான ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன் எடுத்திருக்கிறீர்கள். அதாவது இதுவரை கொடுத்ததற்கு வரியில் ஒரு சென்ட்கூடக் குறையவில்லை. ராஃபிள் சீட்டுக்கு எப்போதுமே விலக்கு கிடையாது. விருந்து டிக்கெட்டில் சாப்பாட்டின் மதிப்பைக் கழித்த மீதிக்குத்தான் உண்டு. 2026 வரியாண்டிலிருந்து, ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன் எடுக்கும் தம்பதியும் அறக்கட்டளைகளுக்குத் தரும் ரொக்க நன்கொடையில் 2,000 டாலர் வரை கழித்துக்கொள்ளலாம். மாதம் 150 என்றால் வருடம் 1,800. முழுவதும் அதற்குள் அடங்கிவிடும். சங்கத்தின் பொதுக் கணக்குக்குப் போடாமல், வரிவிலக்குப் பெற்ற அறக்கட்டளைக் கணக்கு இருந்தால் அதற்குச் செலுத்தி ரசீது வாங்குங்கள். டெபிட் கார்டில் மட்டும்.

இனி கால்வே. மொத்தச் செலவு 19,500 என்றதும் பயந்திருக்கிறீர்கள். இங்கேயே படித்தாலும் அந்த செமஸ்டருக்கு 12,500 கட்டத்தான் போகிறீர்கள். கூடுதல் 7,000. உதவித்தொகை போக 5,500.

கையிருப்பு 9,000-இல் 7,000-ஐ இன்றே கார்டில் கட்டுங்கள். மகளுக்கென்று சேர்த்ததைத் தொடுவதா என்று மனம் பதறும். ஆனால் அந்த 7,000 வங்கியில் வருடத்துக்கு 280 சம்பாதிக்கிறது, கார்டில் அதே 7,000 உங்களிடம் 1,600 பிடுங்குகிறது. மீதி 2,000 அவசரத்துக்கு அப்படியே இருக்கட்டும். கார்டில் மிஞ்சும் 7,000-க்கு மாதம் 750 கட்டினால் (900-இல் நன்கொடை 150 போக) பதினோராவது மாதத்தில் கார்டு காலி. வட்டி சுமார் 800-தான் ஆகும். ஜனவரிக்குள் 1,200 டாலர் மிஞ்சும். கோடையில் மகள் வேலை பார்த்து 2,000 சேர்க்கட்டும். பாக்கி 2,300. அதற்கு அவள் பெயரிலேயே மத்திய அரசின் மாணவர் கடன் எடுங்கள். மூன்றாம் ஆண்டில் 7,500 வரை எடுக்கலாம், வட்டி சுமார் ஆறரை சதவீதம், விகிதம் மாறாது. கல்லூரி அங்கீகரித்த வெளிநாட்டுப் படிப்புக்கும் அது செல்லும். பிள்ளை தலையில் கடன் வைக்கக் கூடாது என்று இதுவரை எடுக்கவில்லை என்கிறீர்கள். 2,300 டாலர் அவளால் ஒரே வருடத்தில் அடைக்கக்கூடிய கடன். பெற்றோருக்கான பிளஸ் கடன் பக்கம் போகாதீர்கள். வட்டி 9 சதவீதத்தை ஒட்டி இருக்கிறது, கட்டணமாகவே 4 சதவீதத்துக்கு மேல் பிடித்துக்கொள்வார்கள்.

ஐ.யு.எல். பற்றிப் பேசவே எனக்கு அலுப்பாக இருக்கிறது. தமிழர்கள் கூடும் எந்தப் பொங்கல் விழாவிலும் இதை விற்க ஓர் ஆள் நிற்கிறார். முதல் சில வருடம் நீங்கள் கட்டுவதில் பெரும்பகுதி கமிஷனுக்கும் காப்பீட்டுச் செலவுக்கும் போகும். இடையில் நிறுத்தினால் சரண்டர் கட்டணம், அதுவும் பெரும்பாலும் பத்து வருடம் வரை. உங்கள் மகள் இரண்டே வருடத்தில் பட்டம் வாங்கிவிடுவாள். அவள் படிப்புக்கு இது எப்படி உதவும்? நண்பர் நல்லவராகவே இருக்கட்டும், பாலிசி வேண்டாம்.

நீங்கள் கேட்காத ஒன்றும் இருக்கிறது. மாமனார் அயர்லாந்தில் பிறந்தவர் என்பதால் உங்கள் கணவர் பிறப்பாலேயே அயர்லாந்துக் குடிமகன். மகள், தாத்தா வழியில், வெளிநாட்டுப் பிறப்புப் பதிவேட்டில் பதிந்துகொண்டால் அவளும் குடிமகள். கட்டணம் 278 யூரோ. பதிந்துவிட்டால் அங்கே வெளிநாட்டு மாணவர்கள் கட்டும் 300 யூரோ குடியேற்றப் பதிவுக் கட்டணம் இல்லை, பகுதிநேர வேலைக்கும் தடை இல்லை. பட்டம் முடித்தபின் ஐரோப்பிய ஒன்றியத்தில் எங்கும் வேலை தேடலாம். மாமனாரின் பிறப்பு, திருமணம், இறப்புச் சான்றிதழ்களும் கணவரின் பிறப்பு, திருமணச் சான்றிதழ்களும் மூலப்பிரதியாக வேண்டும். பல மாதம் இழுக்கும் வேலை, ஜனவரிக்குள் முடிய வேண்டுமானால் நாளை கடத்தக் கூடாது. சான்றிதழ்கள் மாமியாரின் பழைய பெட்டியில் இருக்கும். இந்த ஞாயிற்றுக்கிழமை மகளையே அனுப்பிக் கேட்கச் சொல்லுங்கள்.