உங்களுக்குள் இலக்கிய ஆசையை விதைத்த ஆசிரியர் யார்?

சிங்கம்புணரி வட்டாரத்தில் எனக்குத் தமிழ் நடத்திய ஐயா. பெயர் போட்டால் கூச்சப்படுவார், தமிழய்யா என்றே சொல்கிறேன்.

எங்கள் பக்கம் நிமிர்ந்து பார்த்தால் பிரான்மலை தெரியும். எங்களுக்கு அது கொடுங்குன்றநாதர் கோயில் இருக்கிற மலை, அவ்வளவுதான். பாரியின் பறம்புமலை அதுதான் என்று படித்திருந்தாலும், பரீட்சைக்கு எழுதியதோடு சரி.

ஐயா புறநானூற்றுக்கு வந்ததும் வகுப்பையே மைதானத்துக்குக் கூட்டிப்போய் மலையைப் பார்த்து நிற்கவைத்தார். “ஈண்டு நின்றோர்க்கும் தோன்றும், சிறுவரை சென்று நின்றோர்க்கும் தோன்றும் மன்ற” என்று கணீரென்று சொன்னார். கபிலர் பாட்டு, 114. பாரி செத்துப்போனான். அவன் மகள்களைக் கூட்டிக்கொண்டு கபிலர் கிளம்புகிறார். “மதுரை பஸ்ல போறப்ப மலை இன்னும் தெரியுதான்னு திரும்பிப் பாப்பேல்ல? அவரும் அப்பிடித்தான்டா பாத்திருக்கார்” என்றார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

அடுத்த நாள் பாரி மகளிர் பாடிய ‘அற்றைத் திங்கள்’. எல்லோருக்கும் மனப்பாடமான பாட்டுதான். கரும்பலகையில் அதை இரண்டு பாதியாக எழுதினார். போன மாதம் நிலா வெளிச்சத்தில் ‘எந்தையும் உடையேம், எம் குன்றும் பிறர் கொளார்’: முதலில் அப்பா, பிறகு மலை. இந்த மாதம் அதே நிலாவில் ‘எம் குன்றும் கொண்டார், யாம் எந்தையும் இலமே’: மலை முன்னால் வந்துவிட்டது, அப்பா கடைசிக்குப் போய்விட்டார். “அப்பா இல்லைங்கிறத வாய்விட்டுச் சொல்ல அந்தப் பிள்ளைகளுக்கு அவ்வளவு நேரம் ஆகியிருக்கு” என்றபோது ஐயாவின் குரல் கம்மியது. அதற்கு மேல் அன்றைக்குப் பாடம் நடக்கவில்லை.

உ.வே.சா. 1894இல் ஏடுகளை ஒப்பிட்டுப் பதிப்பித்திராவிட்டால் இந்த வரி நம் கைக்கு வந்திருக்குமா என்று அடிக்கடி கேட்பார். பழைய உரையோடு கூடிய அந்தப் பதிப்பின் மறுஅச்சு ஒன்று அவர் வீட்டில் இருந்தது. கேட்ட பிள்ளைகளுக்கெல்லாம் கொடுத்தனுப்புவார், எப்போது திருப்பித் தருவாய் என்று கேட்கவே மாட்டார். நான் ஒரு கோடை விடுமுறை முழுக்க வைத்திருந்தேன்.

புறநானூறு முழுவதையும் பார்த்து மலைக்கிறவர்களுக்கு அவர் சொன்ன வழியையே நானும் சொல்கிறேன்: 105இல் தொடங்கி 120 வரை வரிசையாகப் படியுங்கள். பாரி உயிரோடு இருப்பதில் தொடங்கி, மலையை இழந்து வெளியேறுவதுவரை எல்லாம் அதற்குள் இருக்கிறது. வாய்விட்டுப் படியுங்கள்.