சுவர் ஏறிக் குதிக்காதீர்கள்: நாய்ச் சண்டை பற்றிச் சில கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் நாய்ச் சண்டை பற்றியவை. ஒரே கேள்வியை நாலைந்து பேர் கேட்டிருந்தால் ஒன்றாக்கிவிட்டேன். "நாய்க்குக் காயம், என்ன செய்யலாம்?" என்று ஒற்றை வரி எழுதியவர்கள் மன்னிக்கவும். எங்கே காயம், எத்தனை நாளாக என்று சொல்லாவிட்டால் நான் என்ன ஜோசியமா பார்ப்பது?

கேள்வி: தெருவில் இரண்டு நாய்கள் கட்டிப் புரள்வதும் இதில் சேருமா?

பதில்: சேராது. அது பெரும்பாலும் ஒன்று வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடுவதோடு முடிந்துவிடும். நாம் பேசுவது, ஓட வழியில்லாமல் அடைத்து, பந்தயம் கட்டி மோதவிடுவதை.

கேள்வி: சண்டை வீடியோ ஒன்று வந்தது. விழிப்புணர்வுக்காக நாற்பது பேருக்கு அனுப்பினேன். சரிதானே?

பதில்: சரியில்லை. எடுத்தவனுக்கு வேண்டியதே பார்வையாளர்கள்தான்; நாற்பது பேரைப் பிடித்துக் கொடுத்திருக்கிறீர்கள். வந்ததை அழிக்காதீர்கள், பரப்பாதீர்கள். யார் அனுப்பினார், எந்தத் தேதி, எத்தனை மணி என்று குறித்துக்கொண்டு காவல்துறையிடம் கொடுங்கள். பின்னால் தெரியும் சுவர், வண்டி எண், கேட்கும் குரல் எல்லாமே துப்பு. கைமாறக் கைமாற அது எங்கிருந்து கிளம்பியது என்பதே மறைந்துபோகும்.

கேள்வி: பக்கத்து மனையில் பத்துப் பன்னிரண்டு நாய்கள், தடித்த சங்கிலியில். சண்டைக்குத்தானா?

பதில்: சங்கிலியை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ஒன்றையொன்று பார்க்கும்படி, ஆனால் எட்டாதபடி கட்டியிருக்கிறார்களா? காது அடியோடு வெட்டப்பட்டிருக்கிறதா? எதிரி நாய்க்குக் கவ்வ இடம் கொடுக்கக் கூடாதென்று மயக்க மருந்துகூட இல்லாமல் அவர்களே வெட்டிவிடுவார்கள். நாயை ஓடவிடும் டிரெட்மில், கவ்வித் தொங்குவதற்காகக் கயிற்றில் கட்டிய தோல், பிடித்த பிடியை விடுவிக்கும் ஆப்பு போன்ற மரத்துண்டு, ரத்தக்கறை படிந்த கம்பளம், இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்து கண்ணில் பட்டால் புகார் கொடுங்கள். தழும்பு எங்கே என்றும் பாருங்கள். முகம், கழுத்து, மார்பு, முன்னங்கால் என்று நாய்க்கு நாய் அதே இடங்களில் இருந்தால் அது தற்செயலாகப் பட்ட அடி இல்லை. உங்கள் மாடியிலிருந்து தெரிவதைத் தேதி, மணியோடு எழுதி வையுங்கள். சுவர் ஏறிக் குதிக்காதீர்கள்.

கேள்வி: என் நாயை 'தயார்' செய்ய எந்தத் தீனி நல்லது?

பதில்: ஆள் மாறி எழுதிவிட்டீர்கள்.

கேள்வி: கடிபட்ட நாய் ஒன்றைச் சேர்த்துக்கொண்டேன். சின்னச் சின்ன ஓட்டைகள்தான். களிம்பு போதுமா?

பதில்: போதாது. கோரைப்பல்லை இறக்கிவிட்டுத் தலையை உதறுவது நாயின் வழக்கம். மேலே பட்டாணி அளவு துளைதான் இருக்கும். உள்ளே தோல் தசையை விட்டு உறைபோலக் கழன்றிருக்கும். ரோமத்தை மழித்துப் பார்த்தால் எட்டு என்று எண்ணியது முப்பதாகும். களத்தில் பிழைத்துவிட்டு, ரத்த இழப்பிலோ சீழ் வைத்தோ ஓரிரு நாளில் சாகும் நாய்கள் ஏராளம். சண்டைக்காரன் மாட்டிக்கொள்வோம் என்று பயந்து மருத்துவரிடம் போகமாட்டான். நீங்கள் இன்றே போங்கள். ஈறு வெளுத்திருந்தால் இதைப் படித்து முடிக்காமலே கிளம்புங்கள். மழித்த பிறகு ஒவ்வொரு காயத்தையும் பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படமெடுக்கச் சொல்லுங்கள், தேதியோடு.

கேள்வி: மீட்ட சண்டை நாய்களை ஊசி போட்டுக் கொன்றுவிடுவதுதானே நல்லது? வெறி ரத்தத்திலேயே ஊறியதல்லவா?

பதில்: இந்தக் கேள்வி வராத மாதமே இல்லை, எனக்கும் கோபம் வராத மாதமில்லை. 2007இல் அமெரிக்கக் கால்பந்து வீரர் மைக்கேல் விக் வழக்கைப் பாருங்கள். வர்ஜீனியாவில் அவருக்குச் சொந்தமான இடத்தில் ஐம்பது சொச்சம் பிட்புல் நாய்கள் பிடிபட்டன. சரியாகச் சண்டை போடாதவற்றைத் தூக்கில் தொங்கவிட்டும் தண்ணீரில் அமுக்கியும் கொன்றது வழக்கில் வெளிவந்தது. மிச்சமிருந்தவற்றையும் கொன்றுவிடலாம் என்று சொன்னவர்களில் பெரிய விலங்கு நல அமைப்புகளும் உண்டு! நீதிமன்றம் அவசரப்படவில்லை. ஒவ்வொரு நாயையும் தனித்தனியே சோதித்தார்கள். மூர்க்கம் என்ற காரணத்துக்காகக் கொல்லப்பட்டது ஒரே ஒன்று. நாற்பதுக்கு மேற்பட்டவை காப்பகங்களுக்கும் வீடுகளுக்கும் போயின; மருத்துவமனைக்குப் போய் நோயாளிகளுக்குத் துணையிருந்த நாயும் அவற்றில் உண்டு. விக்குக்கு 23 மாதச் சிறை. நாய்களின் பராமரிப்புக்கென்று கிட்டத்தட்ட பத்து லட்சம் டாலரும் அவர் தலையில் விழுந்தது.

இன்னொன்று. களத்துக்குள் இறங்கி நாயைப் பிடித்துத் தூக்குவது மனிதன். அவனைக் கடிக்கிற நாய் அவனுக்கே தொல்லை. அதனால் இந்த நாய்களில் பல மனிதரிடம் பரமசாது. நான் கூண்டு திறந்த ஒரு பெட்டை நாய் நனைந்த துணி மாதிரி தரையோடு ஒட்டிக்கொண்டது. இருந்த இடத்திலேயே சிறுநீர் போய்விட்டது. முக்கால் மணி நேரம் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தேன். பிறகு மூக்கை மட்டும் என் முழங்கையில் வைத்தது. இதற்கா வெறி என்று பெயர்?

எல்லாம் தேறிவிடும் என்று சொல்லவில்லை. சில நாய்கள் இன்னொரு நாயோடு ஒருநாளும் சேர்ந்து இருக்காது. ஒற்றையாக வளர்க்க வேண்டியதுதான். ஆனால் 'சாட்சிப் பொருள்' என்று மாதக்கணக்கில் கூண்டில் போட்டு, நல்ல நாயையும் பைத்தியமாக்கிவிட்டு, பார்த்தீர்களா மூர்க்கம் என்கிறோமே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

கேள்வி: கொழுந்தனார் என் பன்னிரண்டு வயது மகனை 'சும்மா வேடிக்கை பார்க்க' அழைத்துப் போகிறார். பார்ப்பதும் குற்றமா?

பதில்: நாட்டுக்கு நாடு மாறும். பிரிட்டன் 1835இலேயே நாய்ச் சண்டையைத் தடை செய்தது. இந்தியாவின் 1960ஆம் ஆண்டுச் சட்டப்படி வேடிக்கைக்காக விலங்கை மோதத் தூண்டுவதும் அதற்கு இடம் நடத்துவதும் குற்றம். அமெரிக்காவில் எல்லா மாநிலங்களும் இதைப் பெருங்குற்றமாக்கி முடிக்க 2008 ஆனது. 2014 முதல் அங்கே பார்க்கப் போவதே மத்தியச் சட்டப்படி குற்றம். பதினாறு வயதுக்குட்பட்டவரை அழைத்துப் போனால் தண்டனை இன்னும் கடுமை. சட்டம் கிடக்கட்டும், கொழுந்தனாரிடம் இன்றைக்கே முடியாது என்று சொல்லுங்கள்.

கேள்வி: பணம் கொடுத்து அந்த நாயை வாங்கிக் காப்பாற்றலாமா?

பதில்: அந்தப் பணத்தில் நாளைக்கே இரண்டு குட்டி வாங்குவான். போதாக்குறைக்குச் சாட்சியையும் நீங்களே இடத்தைவிட்டு நகர்த்திவிடுகிறீர்கள். அமெரிக்காவில் சண்டை நாய்களுக்கென்றே 2010 முதல் மரபணுப் பதிவுகளின் தரவுத்தளம் இருக்கிறது. களத்தில் கிடந்த ரத்தத்தையும் எச்சிலையும் வைத்து எந்த நாய் அங்கே இருந்தது, யாருடைய நாய்க்கு உறவு என்று தேடுகிறார்கள். நாய் இருக்கிற இடத்திலேயே பிடிபட்டால்தான் வழக்கு நிற்கும். புகாரை எழுத்தில் கொடுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள், பத்து நாளில் பதில் வராவிட்டால் மறுபடி கொடுங்கள். சுவர்ப் பக்கம் மட்டும் போகாதீர்கள்.