அந்த இரண்டு மணி நேரம்

அன்புள்ள அம்மா,

திருத்துறைப்பூண்டிப் பக்கம் எங்கள் ஊர். வயது 38. எங்கள் வாய்க்காலின் பாசன விவசாயிகள் சங்கத்துக்கு ஒன்றரை வருஷமாக நான் தலைவர். ஏன்தான் தலையாட்டினேனோ! மேட்டூரை ஜூன் 12-ல் திறந்தாலும் இங்கே தண்ணீர் எட்டிப் பார்க்க நாளாகும். அதற்குள் ஆகாயத்தாமரையை அள்ள வீட்டுக்கு ஓர் ஆள் வாருங்கள் என்றால் பாதிப் பேர் வருவதில்லை. ஆபீசுக்கு அலைவது நான், பெட்ரோல் என் காசு. தண்ணீர் பாய்ச்ச ஆளுக்கொரு முறை வைத்தால் ராத்திரியில் கரையை வெட்டுகிறார்கள். கேட்டால், 'நீ மட்டும் யோக்கியமா?' என்கிறார்கள். போன சம்பா நடவில், வாய்க்காலின் கடைசியில் இருக்கும் கடைமடைக்காரர் ஒருவரின் முறையன்று, வாய்க்கால் தொடங்கும் தலைமடையில் இருக்கும் என் வயலுக்கு இரண்டு மணி நேரம் பாய்ந்துவிட்டது. என் வயல் மடைப் பலகையை அடைக்க மறந்துவிட்டேன், அது வேறு கதை. கூட்டத்துக்குப் பத்துப் பேர் வருவதில்லை. பெட்ரோலுக்கே எவ்வளவு போயிற்று தெரியுமா? எப்படிப் பேசினால் இவர்கள் கேட்பார்கள்?

தம்பி,

பெட்ரோலை இரண்டு தடவை எழுதியிருக்கிறீர்கள். அந்த இரண்டு மணி நேரத்தை 'வேறு கதை' என்று தாண்டிவிட்டீர்கள். கதையே அதுதான். 'நீ மட்டும் யோக்கியமா' என்பதற்கு வேறென்ன அர்த்தம் இருக்கப்போகிறது?

மறந்திருப்பீர்கள், நம்புகிறேன். ஆனால் காய்ந்த வாய்க்கால் முதலில் தானே குடிக்கும். அது நனைந்து, தண்ணீர் கீழே இறங்கும் நேரம் பார்த்து உங்கள் வயல் வாங்கிக்கொண்டது. உங்களுக்கு வந்தது இரண்டு மணித் தண்ணீர், அந்தக் கடைமடைக்காரருக்கு அந்த முறையே போயிருக்கும். ஆள் வராததும் சோம்பலால் மட்டும் என்று நினைக்காதீர்கள். தூர்வாரினால் தண்ணீர் யார் வயலுக்கு என்ற சந்தேகம் இருப்பவன் மண்வெட்டி எடுக்க மாட்டான்.

பேச்சை விடுங்கள். முதலில் அவர் வீட்டுத் திண்ணைக்குப் போய்ச் சொல்லுங்கள். 'மறந்துவிட்டேன்' என்பதோடு நிறுத்துங்கள். அங்கே பெட்ரோல் கணக்கு வேண்டாம். பிறகு அதையே கூட்டத்தில், பத்துப் பேரே வந்தாலும். அடுத்த முறையில் உங்கள் பங்கிலிருந்து இரண்டு மணியோடு வாய்க்கால் நனையும் நேரத்தையும் சேர்த்து விட்டுக்கொடுங்கள்.

இனி முறை கடைமடையில் தொடங்கி மேலே வரட்டும், உங்கள் வயல் கடைசி. நேரத்தை மதகு திறந்ததிலிருந்து எண்ணாமல், அவரவர் வயல் மடையில் தண்ணீர் ஏறியதிலிருந்து எண்ணுங்கள். பாதிச் சண்டை இந்தக் கணக்கில்தான் வருகிறது. நேரத்தை எழுதும் நோட்டு கடைமடைக்காரர் ஒருவர் கையில் இருக்கட்டும். இதனால் கரை வெட்டு உடனே நிற்காது, ஒரு சம்பாவாவது பொறுக்க வேண்டும். அதுவரை, கடைமடைக்காரர்கள் முறையன்று உங்கள் மடைப் பலகையைச் சுற்றிக் களிமண்ணும் வைக்கோலும் வைத்து அடையுங்கள். வெறும் பலகை கசியும்.