சதோருவின் மூச்சு

அன்புள்ள ஆசிரியருக்கு,

தகாஹிரோ மிக்கி இயக்கிய 'குச்சிபிரு நி உதா ஓ' (2015) படத்தைச் சென்ற வாரம் பார்த்தேன். நாகசாகிக்கு மேற்கே, கோத்தோ தீவுகளிலுள்ள ஒரு நடுநிலைப் பள்ளியின் சேர்ந்திசைக் குழுவைப் பற்றிய கதை. அதில் சதோரு என்ற மாணவன் எழுதும் கடிதம் என்னை உலுக்கிவிட்டது. ஆனால் அவ்வளவு பெரிய பாரத்தைச் சொன்ன சிறுவனை மற்றவர்களோடு வரிசையில் நிறுத்தி, எல்லாப் பள்ளிகளும் பாடும் ஒரு பாட்டைப் பாடவைத்துவிட்டுப் படம் நழுவிக்கொண்டதாகத் தோன்றியது. அவனுக்கென்று ஒரு தீர்வு இருந்திருக்க வேண்டாமா?

ச.

அன்புள்ள ச.,

15 ஆண்டுகள் கழித்து வாழப்போகும் தனக்குக் கடிதம் எழுதும்படி தற்காலிக ஆசிரியை காஷிவாகி சொல்கிறார். ஆட்டிசம் கொண்ட அண்ணனைத் தங்கள் காலத்துக்குப் பிறகு பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டும் என்று பெற்றோர் நினைத்ததால்தான் தான் பிறந்ததாகவும், அதற்காக அண்ணனுக்கு நன்றி சொல்வதாகவும் சதோரு எழுதுகிறான். அவன் யாரையும் குறை கூறவில்லை. குறை கூறியிருந்தால் நமக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அந்த நன்றியைத்தான் தாங்க முடியவில்லை.

நீங்கள் கேட்கும் தீர்வைப் படம் தராததற்குக் காரணம் அந்தப் பாட்டிலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன். பாடகி ஏஞ்சலா அகியின் 'தெகாமி' (கடிதம் என்று பொருள்) ஜப்பானியப் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்.எச்.கே. நடத்தும் தேசியப் பள்ளி இசைப் போட்டியில், 2008இல் நடுநிலைப் பள்ளிப் பிரிவின் கட்டாயப் பாடலாக இருந்தது. பதின்வயதில் தனக்குத்தானே எழுதிய கடிதத்தை அவருடைய தாய் 30ஆம் பிறந்தநாளில் அனுப்பிவைக்க, அதிலிருந்து பிறந்த பாடல் அது. முதலில் 15 வயது பேசுகிறது. பிறகு வளர்ந்த வயது பதில் எழுதுகிறது. அந்தப் பதிலிலும் தீர்வு கிடையாது. நானும் காயப்படுகிறேன், எனக்கும் உறக்கம் வராத இரவுகள் உண்டு என்பதை ஒப்புக்கொண்டுதான் அது சிறுவயதைத் தேற்றுகிறது.

காஷிவாகி பியானோவைத் தொட மறுப்பதற்குச் சொல்லப்படும் பழைய இழப்பு எனக்கும் வழக்கமான திரைக்கதையாகவே பட்டது. காஷிவாகியாக நடிக்கும் யுய் அரகாகியின் இறுகிய முகம்தான் அதைக் காப்பாற்றுகிறது.

வரிசையில் நிறுத்திவிட்டார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. ஜப்பானியச் சேர்ந்திசைக் குழுக்களில் 'கன்னிங் புரெஸ்' என்றொரு சொல் புழங்குகிறது. தேர்வில் காப்பியடிப்பதற்கு அங்கே வழங்கும் 'கன்னிங்' என்ற சொல்லே இங்கும் வந்திருக்கிறது. ஒரே மூச்சில் பாட முடியாத நீண்ட சுரத்தை, ஒரே பகுதியைப் பாடுகிறவர்கள் ஆளுக்கொரு இடத்தில் களவாக மூச்சு வாங்கி, கேட்பவருக்கு இழை அறுந்தது தெரியாதபடி நீட்டிச்செல்வதற்கு அந்தப் பெயர். தனியாகப் பாடுகிறவருக்கு இந்தச் சலுகை கிடைக்காது. குரல் உடையும் வயதிலிருக்கும் பையன்களுக்கு இது இன்னும் தேவைப்படும். ஏறத்தாழ ஓர் எட்டுச்சுரம் கீழிறங்கிக்கொண்டிருக்கும் அந்தக் குரல்கள் எந்த இடத்தில் கைவிடும் என்று அவர்களுக்கே தெரியாது.

வீட்டில் சதோரு ஒரு கணமும் விட்டுவிட முடியாதவன். தான் விட்டால் அண்ணனைப் பிடிக்க ஆளில்லை என்று நம்பியே வளர்ந்தவன். தனிப்பாடல் ஒன்றைக் கொடுத்திருந்தால் அங்கேயும் அவன்தான் முழுவதையும் சுமந்திருப்பான். வரிசையில் அவன் மூச்சு வாங்கும்போது, பக்கத்தில் நிற்பவன் அந்தச் சுரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறான்.