கரிசல் நிலத்தில் வணிகக் கட்டடம்: மண் பரிசோதனையில் எதைப் பார்க்க வேண்டும்?

கேள்வி: கோவில்பட்டி அருகே 12 சென்ட் கரிசல் நிலத்தில், கீழே ஆறு கடைகளும் மேலே இரண்டு தளங்களில் அலுவலகங்களும் கட்ட இருக்கிறேன். பக்கத்து மனையில் ஆறடி தோண்டித்தான் வீடு கட்டியிருக்கிறார்கள். மண்ணும் கெட்டியாக இருப்பதால் நமக்கும் ஆறடி போதும் என்கிறார் மேஸ்திரி. மண் பரிசோதனை அவசியமா? எதையெல்லாம் பார்க்கச் சொல்ல வேண்டும்?

பதில்: அவசியம். மேஸ்திரி சொல்வதும் முழுத் தவறில்லை, கோடையில் கரிசல் கல்லாகத்தான் இறுகிக் கிடக்கும். ஆனால் ஐப்பசி மழை இறங்கியதும் அதே மண் நீரை உறிஞ்சி வீங்கும், தையில் தொடங்கி மெல்லச் சுருங்கி, சித்திரையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். கரிசலில் கட்டடங்கள் பழுதாவது பெரும்பாலும் மண் பாரம் தாங்காமல் அல்ல, இந்த ஏற்ற இறக்கத்தால்தான். பக்கத்து வீட்டை அளவுகோலாகக் கொள்வதிலும் சிக்கல் இருக்கிறது. வீட்டுத் தளத்துக்குச் சதுர மீட்டருக்கு 2 கிலோ நியூட்டன் (சுமார் 200 கிலோ எடை) பாரம் என்று கணக்கிடும் இந்தியத் தர விதி, சில்லறைக் கடைகளுக்கு 4 என்கிறது. சரக்கு அடுக்கும் கிடங்கு என்றால் அதற்கும் மேல்.

ஆகவே மண்ணின் தாங்குதிறன் என்ற ஒற்றை எண்ணை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். துளையே போடாமல் அந்த எண்ணை மட்டும் கடிதத்தாளில் அடித்துக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள் என்பதால், துளையிடும் நாளில் நீங்களோ உங்கள் பொறியாளரோ கட்டாயம் மனையில் இருங்கள். சுமார் ஓர் ஏக்கர் மனைக்கு நான்கு மூலைகளிலும் நடுவிலுமாக ஐந்து துளைகள் என்பது, மண் ஆய்வுக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 1892 காட்டும் வழி. உங்கள் 12 சென்ட்டுக்கு மூன்று போதும் என்பது என் கருத்து. ஆழம், கரிசலைக் கடந்து சுக்கான் (சுண்ணாம்புக் கட்டிகள் கலந்த மண்) அல்லது சரளை அடுக்குக்குள் நன்றாக இறங்கியிருக்க வேண்டும்.

துளைக்குள் நடப்பது எஸ்.பி.டி. (ஸ்டாண்டர்டு பெனிட்ரேஷன் டெஸ்ட்) எனப்படும் சோதனை. 63.5 கிலோ சுத்தியலை 75 செ.மீ. உயரத்திலிருந்து விழவிட்டு, மாதிரிக்குழாய் மண்ணில் இறங்க எத்தனை முறை அடி விழுகிறது என்று எண்ணுவார்கள். முதல் 15 செ.மீ. கணக்கில் சேராது, அடுத்த 30 செ.மீ. இறங்க விழும் அடிகளே 'என்' மதிப்பு. கயிறு இழுப்பவர் களைத்து, சுத்தியலை முழு உயரத்துக்குத் தூக்காமல் விட்டால் அடிகளின் எண்ணிக்கை கூடி, இல்லாத பலம் அறிக்கையில் ஏறிவிடும். காய்ந்த கரிசலும் இதே மாயத்தைச் செய்யும். மே மாதம் எடுத்த 'என்' மதிப்பை மேல் அடுக்குகளுக்கு அப்படியே நம்பக்கூடாது. துளையில் நீர் எந்த ஆழத்தில் நின்றது என்பதோடு, எந்தத் தேதியில் பார்த்தது என்பதும் அறிக்கையில் இருக்கட்டும். மழைக்காலத்தில் நீர் எவ்வளவு மேலே வரும் என்பதை அக்கம்பக்கத்துக் கிணற்றுக்காரர்களிடம் கேட்டால் தெரிந்துவிடும்.

உங்களுக்கு முக்கியமான சோதனை வீக்கச் சோதனைதான். சலித்து உலர்த்திய மண்ணில் பத்துப் பத்து கிராமாக இரண்டு கண்ணாடி அளவுக்குழாய்களில் இட்டு, ஒன்றில் தண்ணீரும் மற்றதில் மண்ணெண்ணெயும் ஊற்றி 24 மணி நேரம் வைப்பார்கள். மண்ணெண்ணெயில் களிமண் வீங்காது, தண்ணீரில் எவ்வளவு கூடுதலாக ஏறியிருக்கிறது என்பதே வீக்கக் குறியீடு. அது 50 சதவீதத்தைத் தாண்டினால் எச்சரிக்கை, 100-ஐத் தாண்டினால் அஸ்திவாரத்தின் வகையையே மாற்ற யோசிக்க வேண்டும். இதனுடன் வீக்க அழுத்தம் (வீங்கும் மண் தள்ளும் விசை), நீர்ம வரம்பு (மண் குழம்பாக மாறத் தொடங்கும் ஈர அளவு), மண்ணிலும் நீரிலும் உள்ள சல்பேட், குளோரைடு ஆகியவற்றையும் எழுத்துப்பூர்வமாகக் கேளுங்கள். கேட்காவிட்டால் பல இடங்களில் செய்ய மாட்டார்கள்.

கரிசல் ஓரிரு மீட்டரிலேயே முடிந்தால், அதை முழுக்கக் கடந்து கீழுள்ள அடுக்கில் ஃபுட்டிங் (தூணைத் தாங்கும் அகன்ற அடிப்பகுதி) வைப்பதே எளிது, அது ஆறடியாகவும் இருக்கலாம், பத்தடியாகவும் இருக்கலாம். இன்னும் ஆழமாகப் போனால், மண்ணுக்குள் ஆழமாக இறக்கும், அடியில் குமிழ் போல் விரிந்த கான்கிரீட் தூண்களான அண்டர்-ரீம்டு பைல்களும், தரையைத் தொடாமல் இடைவெளி விட்டு அமைக்கும் பீமும் ஏற்றவை. ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இத்தகைய மண்ணுக்கென்றே வளர்த்தெடுத்த முறை அது.

ஒன்றை மறந்துவிடுகிறார்கள். மூன்று தளங்களின் பாரம் தூண்களை அழுத்திப் பிடித்திருக்கும், கடைகளின் தரைக்கு அப்படி எந்தப் பிடிப்பும் இல்லை. தூண் அசையாமல் நிற்க, டைல்ஸ் மேலெழும்பி ஷட்டர் இறங்காமல் சிக்கிக்கொள்வது அதனால்தான். தோண்டிய கரிசலையே தரைக்கு அடியில் திருப்பிப் போடாதீர்கள். மணலையும் தவிர்க்கலாம், அது தண்ணீரை வழிவிட்டுக் கரிசலிடம் கொண்டு சேர்க்கும். வீங்காத, சற்றுப் பசையுள்ள கிராவல் மண்ணை அடுக்கடுக்காகத் திமிசு போட்டு இறுக்குவதே நல்லது.

மனையில் சீமைக் கருவேல மரங்கள் இருந்தால் வெட்டிய கையோடு வேலையைத் தொடங்க வேண்டாம். வேர்கள் உறிஞ்சி உலர்த்திய மண், மரம் போனபின் ஈரம் ஏறி வீங்கும். ஒரு மழைக்காலம் கடந்தபின் தொடங்குவது பாதுகாப்பு.

வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டியதும் ஒவ்வொரு குழியின் அடியையும் பொறியாளர் இறங்கிப் பார்த்து, அறிக்கையிலுள்ள அடுக்குதானா என்று ஒப்பிடட்டும். எங்காவது கரிசல் எஞ்சியிருந்தால் அந்தக் குழியை மேலும் ஆழப்படுத்துங்கள். சரியாக இருந்தால் வெயிலிலும் மழையிலும் திறந்து போடாமல் அன்றே பி.சி.சி. (கம்பியில்லாத கான்கிரீட்) போட்டு மூடிவிடுங்கள்.