எத்தனை மணி நேரம் பறந்தால் விமானி?

கேள்வி: வெறும் 200 மணி நேரம் பறந்தவரைப் பயணிகள் விமானத்தில் துணை விமானியாக அமர்த்தலாமா? அமெரிக்காவில் 1,500 மணி நேரம் கேட்கிறார்களாமே?
– வாசகர், பல்லடம்

பதில்: உண்மைதான். 2009இல் அந்நாட்டின் பஃபலோ நகரருகே 50 பேரைப் பலிகொண்ட விமான விபத்தின் விளைவாக, 2013 முதல் அமெரிக்கா அவ்வரம்பை விதித்தது. ஆனால், அந்த விமானத்தை ஓட்டிய இருவருமே 1,500 மணி நேரத்துக்கு மேல் பறந்தவர்கள் என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். இந்தியாவில் வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரம் போதும். அதன்பின் விமான வகைக்கேற்ற சிமுலேட்டரில் (பறப்பதைத் தரையிலேயே பழக்கும் கருவி) பயிற்சியும், பயிற்சி கேப்டனின் மேற்பார்வையில் பறப்பதும் உண்டு. ஆடிக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியே வந்து உலுக்கும்போது, காற்றை நோக்கிச் சற்றே திருப்பிய விமானத்தின் மூக்கை, சக்கரம் தரைதொடும் நொடியில் நேராக்கிக் கோவை பீளமேடு விமான நிலையத்தில் இறக்கும் பக்குவம், தெளிந்த வானில் சிறு விமானத்தில் வட்டமடித்துச் சேர்த்த மணிகளால் வந்துவிடாது. எனவே, மணிக்கணக்கைவிட அந்த மேற்பார்வைக் காலத்தை நீட்டுவதே நல்லது என்பேன்.